வாலில் மங்கிய புள்ளிகள்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில், பிளாஸ்டிக் மூடி வார்க்கும் பட்டறைக்கும் லாரிக்கு பாடி கட்டும் ஷெட்டுக்கும் நடுவே ஒரு மூன்று மாடிக் கட்டடம் இருக்கிறது. மருந்து, சோப்பு, கால்நடைத் தீவனம் என்று பல கம்பெனிகளுக்கு ஆராய்ச்சி செய்து கொடுக்கும் இடம். அதன் தரைத்தளத்தில்தான் மதிவதனிக்கு வேலை. அவள் பொறுப்பில் இருந்தது ஒரு என்.எம்.ஆர். இயந்திரம். பார்வைக்கு மூன்று கால்களில் நிற்கும் பெரிய பால் கேன் மாதிரி இருக்கும். அதன் வயிற்றுக்குள் திரவ ஹீலியத்தில் மூழ்கிய கம்பிச்சுருள், அதனால் உண்டாகும் பலமான காந்தம். சாவிக்கொத்தோடு யாராவது தரையிலுள்ள மஞ்சள் கோட்டைத் தாண்டினால் மதிவதனி போடும் சத்தம் முதல் மாடி வரைக்கும் கேட்கும். மற்றபடி அவள் சத்தம் போடுகிறவள் இல்லை.

முதல் மாடியில் சபீனா. புரதங்களைச் செய்கிறவள் அவள்தான். பாக்டீரியாவை வளர்த்து, உடைத்து, அதிலிருந்து வேண்டிய புரதத்தை மட்டும் பிரித்து, கழுவி, பென்சிலைவிட ஒல்லியான கண்ணாடிக் குழாயில் ஊற்றிக் கீழே கொண்டுவந்து தருவாள். மதிவதனி அதைக் காந்தத்துக்குள் இறக்கி அளப்பாள். மதிவதனி ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து ரயிலில் வந்து பட்டரவாக்கத்தில் இறங்குகிறவள். சபீனா கரையான்சாவடியிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். மத்தியானம் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் சாப்பிடுவார்கள். வயதில் சின்னவளான சபீனா மதிவதனியை ‘அக்கா’ என்பாள். கோபம் வந்தால் மட்டும் ‘மேடம்’.

அவர்களுக்குள் மனத்தாங்கல் வந்தது ஒரு நொதியால்.

சலவைத்தூள் செய்யும் கம்பெனி ஒன்று அந்த வேலையைக் கொடுத்திருந்தது. நொதியும் ஒரு வகைப் புரதம்தான். இந்த நொதி துணியில் படிந்த கறையை வெட்டி எடுப்பது. சின்னச் சின்னக் குப்பிகளில் சோதித்தபோது வெளுத்து வாங்கியது. கரைசலாக்கி டிரம்மில் அடைத்த பிறகு மந்தமாகிவிடுகிறது என்பது கம்பெனிக்காரர்களின் புகார். சூட்டினாலா, நாள்பட்டுப் போவதாலா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ‘உள்ளே என்ன நடக்கிறதென்று பார்த்துச் சொல்லுங்கள்’ என்றார்கள்.

அந்த நொதியின் நடுவில் ஒரு பள்ளம் உண்டு. பள்ளத்தில் ஒரு கால்சியம் அயனி உட்கார்ந்திருக்கும். கறையை வெட்டும் இடமும் அதை ஒட்டித்தான். கால்சியம் சாது. தன்னைச் சுற்றியிருக்கும் எதையும் தொந்தரவு செய்யாது. அதை எடுத்துவிட்டுக் காடோலினியத்தை உட்கார வைத்தால் சங்கதி வேறாகிவிடும். ஸ்கேனுக்குப் போகிறவர்களில் சிலருக்குக் கையில் ஊசி மருந்தாக ஏற்றுவார்களே, அதிலிருக்கும் உலோகம்தான் அது. அதற்குள் ஜோடி சேராத எலெக்ட்ரான்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம்.

என்.எம்.ஆர். இயந்திரம் செய்வது இவ்வளவுதான்: புரதத்திலுள்ள அணுக்கருக்களை ரேடியோ அலையால் ஒரு தட்டுத் தட்டும். அவை மறுபடி அமைதியடைவதற்குள் எழுப்புகிற மெல்லிய சமிக்ஞையைக் கேட்டு, புரதத்தின் ஒவ்வொரு இடத்துக்கும் திரையில் ஒரு புள்ளி வைக்கும். பக்கத்தில் காடோலினியம் இருந்தால் அந்த அணுக்கருக்கள், இயந்திரம் காதைத் திறப்பதற்கு முன்பே ஓய்ந்துவிடும். அவற்றின் புள்ளி மங்கும், அல்லது காணாமலே போய்விடும். இந்தத் தாக்கம் தூரத்தோடு படு வேகமாகக் குறைகிறது. தூரம் இரண்டு மடங்கானால் தாக்கம் அறுபத்து நான்கில் ஒரு பங்குதான். ஆகவே எந்தப் புள்ளி மங்கியது, எது மங்கவில்லை என்று பார்த்தாலே உலோகத்துக்கு யார் பக்கம், யார் தூரம் என்று சொல்லிவிடலாம்.

காடோலினியம் வைத்த முதல் குழாயை மதிவதனி அளந்தபோது, பள்ளத்தைச் சுற்றியிருந்த புள்ளிகள் எதிர்பார்த்தபடியே காணாமல் போயிருந்தன. எதிர்பாராதது ஒன்றும் நடந்திருந்தது. நொதியின் கோடியில் வால் மாதிரி தொங்கும் ஒரு பகுதி உண்டு. பள்ளத்திலிருந்து வெகு தூரம். அந்த வாலிலும் நான்கு புள்ளிகள் மங்கிக் கிடந்தன.

மதிவதனி அதிகம் யோசிக்கவில்லை. சபீனா புரதத்தைப் பிரித்தெடுப்பதே அந்த வாலை நிக்கல் பூசிய மணிகளில் மாட்டவைத்துத்தான். நிக்கலும் காடோலினியத்தைப் போலப் புள்ளிகளை மங்க வைக்கக்கூடிய உலோகம். கழுவியது போதாமல் கொஞ்சம் நிக்கல் வாலிலேயே தங்கியிருக்கும் என்று முடிவு கட்டினாள். திங்கட்கிழமைக் கூட்டத்தில் எல்லோரும் உட்கார்ந்திருக்க, அதைச் சொல்லியும் விட்டாள்.

“வால்ல நாலு புள்ளி மங்கியிருக்கு சார். நிக்கல் ஒட்டிக்கிட்டு வந்திருக்கும்னு நினைக்கிறேன். கழுவுறதுல எங்கயோ விட்டுப்போயிருக்கு.”

ஆராய்ச்சிப் பிரிவின் தலைவர் தேவராஜ் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகச் சபீனாவைப் பார்த்தார்.

“நான் ரெண்டு தடவ கழுவினேன் சார்” என்றாள் சபீனா.

“கழுவியும் நின்னிருக்கலாம் இல்லையா?” என்றாள் மதிவதனி. “போன மாசம் குடுத்த கால்சியம் குழாய்ல இப்படி இல்ல. இது புது பேட்ச்.”

“சரி, திரும்பச் செஞ்சிடும்மா” என்றார் தேவராஜ். “இந்தத் தடவ சுத்தமா.”

‘சுத்தமா’ என்ற அந்த ஒரு சொல்தான். அறையில் பத்துப் பேர் இருந்தார்கள். போன வாரம் வேலைக்குச் சேர்ந்த இரண்டு பெண்களும் இருந்தார்கள். சபீனா தலையை ஆட்டிவிட்டுத் தன் பேனாவின் மூடியை மூடித் திறந்துகொண்டிருந்தாள். அன்று மத்தியானம் மதிவதனி டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் காத்திருந்தாள். சபீனா கீழே வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் படிக்கட்டில் எதிர்ப்பட்டபோது, “எக்ஸ்கியூஸ் மி மேடம்” என்று ஒதுங்கிப் போனாள்.

சில வாரங்களுக்குப் பிறகு சபீனா புதுக் குழாய்களைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்தாள். ஒன்று கேட்டால் இரண்டு இருந்தன.

“ஒரே பேட்ச். ரெண்டா பிரிச்சிருக்கேன். பாதியில கால்சியம், பாதியில காடோலினியம். ஒட்டாம மிச்சம் நின்ன காடோலினியத்தையும் கழுவி எடுத்தாச்சு. அளந்து பாருங்க மேடம்” என்று சொல்லிவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் மேலே போய்விட்டாள்.

அவள் சொல்லாமல் சொன்னது மதிவதனிக்கு விளங்கியது. நிக்கல்தான் காரணம் என்றால் ஒரே கையில் செய்த இரண்டு குழாயிலும் வால் மங்க வேண்டும். அளந்தாள். கால்சியம் குழாயில் வால் பளிச்சென்று இருந்தது. காடோலினியம் குழாயில் அதே நான்கு புள்ளிகள் மங்கியிருந்தன. நிக்கல் இல்லை. அழுக்கு இல்லை. மங்க வைத்தது பள்ளத்திலிருந்த காடோலினியமேதான்.

அப்போதே மாடியேறிப் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டும் என்று நாற்காலியிலிருந்து எழுந்தும் விட்டாள். எழுந்த வேகத்தில் மனத்துக்குள் ஒரு படம் வந்துவிட்டது. வால் நீளமாகத் தொங்கிக்கொண்டிருப்பது நிஜம்தான். ஆனால் எப்போதாவது ஒரு கணம் சுருண்டு வந்து தன் பள்ளத்தையே தொட்டுவிட்டுப் போகிறதோ? நூற்றில் ஒரு பங்கு நேரம்தான் அது பக்கத்தில் வருகிறது என்றாலும் போதுமே. பக்கத்தில் வரும்போது தாக்கம் அத்தனை பலமாயிற்றே, புள்ளி மங்கத்தானே செய்யும்! தன் வாயைத் தன் வாலாலேயே அடைத்துக்கொள்ளும் நொதி. டிரம்மில் அது மந்தமாவதற்கும் இதுதான் காரணமோ என்னவோ.

மதிவதனி மறுபடி உட்கார்ந்து அந்தப் படத்தை வரைந்தாள். நீல நிறத்தில் நொதி, சிவப்பில் வால், நடுவில் மஞ்சள் உருண்டையாகக் காடோலினியம். வரைய வரைய அவளுக்கே அது பிடித்துப் போயிற்று. தேவராஜுக்கு அவளைவிடப் பிடித்துவிட்டது. கம்பெனிக்காரர்களிடம் காட்டினார், பார்க்க வந்தவர்களிடமெல்லாம் காட்டினார். பெங்களூரில் நடக்கவிருந்த ஒரு மாநாட்டுக்குப் போஸ்டர் போடச் சொன்னார். அதில் மதிவதனி பெயர் முதலில் இருந்தது. சபீனா பெயர் கடைசியில் இருந்தது.

அந்தப் படத்துக்கு ஒரு பரீட்சை பாக்கியிருந்தது. அது மதிவதனிக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். வால் தன் பள்ளத்தைத்தான் தொடுகிறது என்று எப்படிச் சொல்வது? பக்கத்தில் மிதக்கும் இன்னொரு நொதியின் பள்ளத்தைத் தொட்டாலும் இதே புள்ளிகள்தானே மங்கும்? கரைசலை நீர்த்துப் போகச் செய்து அளந்தால் விடை தெரிந்துவிடும். நீர்த்த கரைசலில் சமிக்ஞை பலவீனமாகிவிடும் என்பதால், அதை அளக்க நாள் கணக்கில் காந்தம் வேண்டும். பக்கத்து ஷெட்டில் பெரிய லாரிகள் உள்ளே வந்து திரும்பும்போது காந்தப்புலம் லேசாக ஆடும். ஆகவே ஷெட்டுக்கு லீவு விடும் சனி, ஞாயிறுதான் தோது. இந்த வாரம் இன்னொருவருடைய அளவீடு இருக்கிறது, அடுத்த வாரம் பார்ப்போம் என்று மதிவதனி தள்ளிக்கொண்டே வந்தாள். தேவராஜிடம் ஒருமுறை சொன்னபோது, “அவசியமாம்மா? படந்தான் தெளிவா இருக்கே” என்றார். அது அவளுக்கு வசதியாகப் போயிற்று.

ஒரு வியாழக்கிழமை இரவு சாப்பாடு முடிந்து, மறுநாளைக்கு அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது கணவன் வினோத்திடம் இதைச் சொன்னாள். வினோத்துக்கு ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை. அவள் வேலையைப் பற்றி ஏதாவது சொன்னால் டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்பான். புரிந்த அளவுக்குத் தலையாட்டுவான்.

“அந்த டெஸ்ட்ட எடுத்துட வேண்டியதுதானே?” என்றான்.

“எடுக்கலாம். எடுத்தா படம் போயிடுமோன்னு இருக்கு.”

“அப்ப போயிடும்னு உனக்கே ஒரு சந்தேகம் இருக்கு.”

அவரைக்காயின் நாரை உரித்து உரித்து ஓரமாக வைத்தாள்.

“சபீனா இப்பல்லாம் பேசறதில்லன்னு சொன்னியே?”

“இல்ல.”

“நீயா போய்ப் பேசினியா?”

மதிவதனி நறுக்கிய காயை டப்பாவில் போட்டு மூடினாள். வினோத் டி.வி. சத்தத்தைக் கூட்டினான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஷெட்டில் வேலை ஓய்ந்த பிறகு, மதிவதனி ஃபிரிட்ஜைத் திறந்து சபீனாவின் இரண்டு குழாய்களையும் எடுத்தாள். ஒவ்வொன்றிலிருந்தும் துளித்துளியாக உறிஞ்சி, ஐந்து மடங்கு நீர்த்த இரண்டு புதிய குழாய்களைத் தயார் செய்தாள். இயந்திரத்துக்குக் கட்டளைகளைக் கொடுத்தாள். கால்சியம் முதலில், காடோலினியம் பிறகு; குழாயை இயந்திரமே மாற்றிக்கொள்ளும். திங்கட்கிழமை காலையில் இரண்டும் முடிந்திருக்கும். வீட்டிலிருந்து அதைப் பார்க்க வழியில்லை. விளக்கை அணைத்துவிட்டு ரயிலைப் பிடிக்க நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காட்டுப்பாக்கத்தில் வினோத்தின் சித்தப்பா மகளுக்கு வளைகாப்பு. சின்ன மண்டபம், நிறையக் கூட்டம். மதிவதனி கர்ப்பிணியின் கன்னத்தில் சந்தனம் தடவி, கைகளில் வளையல் அடுக்கிவிட்டு, தனக்குத் தந்த வளையல்களையும் போட்டுக்கொண்டாள். புளிசாதமும் தேங்காய்சாதமும் தயிர்சாதமும் வரிசையாக இலையில் விழுந்தன. எதைச் சாப்பிட்டோம் என்று அவளுக்கு நினைவில்லை. நினைப்பெல்லாம் இந்த நேரம் காந்தத்துக்குள் இருக்கும் குழாயில் இருந்தது. படம் நிற்குமா, போகுமா? நின்றால் சபீனாவிடம் போய், ‘நிக்கல் இல்லை, நீ சொன்னதுதான் சரி’ என்று தைரியமாகச் சொல்லலாம். போய்விட்டால்? போய்விட்டாலும் அதே வார்த்தைதானே சொல்ல வேண்டும்?

இதற்கு எதற்குத் திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. கை கழுவிவிட்டு வினோத்திடம் வந்தாள்.

“கரையான்சாவடி வரைக்கும் போய்ட்டு வந்துடறேன். ரொம்ப நேரம் ஆகாது.”

வினோத் ஏன் என்று கேட்கவில்லை. “மெதுவா வா” என்றான்.

மண்டபத்து வாசலில் ஒரு ஆட்டோ நின்றிருந்தது.

“எங்க போவணும்க்கா?”

“கரையான்சாவடி. மெத்தைக் கடை ஒண்ணு இருக்குமே, அதுக்குப் பக்கத்துச் சந்து.”

“மெத்தக் கடையா? அங்க ரெண்டு கீதேக்கா. சரி குந்து, போய்ப் பாத்துக்கலாம்.”

இரண்டாவது மெத்தைக் கடைதான் சரியாக இருந்தது. மாடியில் சபீனாவின் வீடு. திறந்திருந்த கதவுக்கு நேரே, ஜன்னலோரத்தில் சபீனாவின் அம்மா தையல் மிஷினில் ஒரு சேலைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் நிழல் தட்டியதும் நிமிர்ந்து பார்த்தாள்.

“யாரும்மா?”

“சபீனாகூட வேலை செய்யறேன். மதிவதனி.”

“அட, நீதானா அது! ஏம்மா வாசல்லயே நிக்கிறே, உள்ள வா. சபீனா, யாரு வந்துருக்காங்க பாரு!”

சபீனா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள், ஈரக்கையோடு வந்தாள். மதிவதனியைப் பார்த்ததும் அவள் முகத்தில் முதலில் வந்தது பயம்.

“என்னாச்சு மேடம்? மேக்னெட்டுக்கு ஏதாவது...”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல. இங்க பக்கத்துல ஒரு வளைகாப்பு. அப்படியே வந்தேன்.”

சபீனா அவள் கையிலிருந்த வளையல்களைப் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அம்மா டீ போட உள்ளே போனாள். கீழே மெயின் ரோட்டில் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின.

“வெள்ளிக்கிழம ஒரு அளவீடு போட்டுட்டு வந்திருக்கேன்” என்று ஆரம்பித்தாள் மதிவதனி. “உன் குழாய்லேருந்து கொஞ்சம் எடுத்து, அஞ்சு மடங்கு தண்ணியாக்கி.”

“தண்ணியாக்கியா? எதுக்கு?”

“வாலு தன் பள்ளத்துக்கே மடங்கி வருதுன்னா, தண்ணியாக்கினாலும் அதே மாதிரி மங்கும். பக்கத்து நொதியோட பள்ளத்துல போய்த் தொடுதுன்னா, கூட்டம் கொறஞ்சதும் மங்கறதும் கொறஞ்சிடும்.”

“ரிசல்ட் என்ன?”

“நாளைக்குத்தான் தெரியும்.”

“அப்ப இன்னிக்கு எதுக்கு வந்தீங்க?” சபீனா கேட்டது கோபமாக இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

மதிவதனி வளையல்களை மேலும் கீழும் தள்ளினாள். “நாளைக்கு வந்தா ரிசல்ட்டுக்காக வந்த மாதிரி ஆயிடும். நிக்கல்னு நான் சொன்னது தப்பு. நீ ரெண்டா பிரிச்சுக் குடுத்து, நான் அளந்து பாத்த அன்னிக்கே மேல வந்து சொல்லியிருக்கணும். சொல்லல. படம் வரைய உக்காந்துட்டேன்.”

சபீனா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டாள்.

“தப்பா சொல்றது யாருக்கும் வரும்க்கா. நானே சொல்லியிருப்பேன். ஆனா நீங்க தனியா கூப்ட்டுக் கேட்டிருக்கலாம். ‘எத்தன தடவ கழுவினே சபீனா’ன்னு. புதுசா சேந்த பொண்ணுங்க உக்காந்திருக்காங்க. சாரு ‘சுத்தமா’ன்றாரு. அதுங்களுக்கு நான் இனிமே எப்படிக் கழுவறதுன்னு சொல்லிக் குடுப்பேன்?”

“ஆமா” என்றாள் மதிவதனி.

டீ வந்தது. சபீனாவின் அம்மா இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மிச்சமிருந்த ஃபால்ஸை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள். சபீனா டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எதையோ யோசித்தாள். பிறகு சட்டென்று கேட்டாள்.

“தண்ணியாக்கினா மங்கறது கொறையும்னா, அப்ப வேகமும் கூடணும்ல?”

“என்ன வேகம்?”

“கறைய வெட்டற வேகம். நான் ஒவ்வொரு பேட்ச்சும் பாத்துட்டுத்தானே கீழ அனுப்பறேன். கெட்டிக் கரைசல்ல பாத்தா, ஒரு நொதிக்கு இவ்ளோன்னு கணக்குப் போட்டா மந்தமா இருக்கும். அதையே தண்ணி ஊத்திப் பாத்தா கொஞ்ச நேரத்துலயே சுறுசுறுப்பாயிடும். நாள்பட்டுப் போனதால இல்லக்கா. அன்னிக்கே செஞ்சு அன்னிக்கே பாத்தாலும் அப்படித்தான்.”

மதிவதனி டம்ளரைக் கீழே வைத்தாள். “இத ஏன் நீ சொல்லவேயில்ல?”

“சூட்டுல கெட்டுப்போவுதா பாருன்னாங்க, பாத்தேன். சுத்தமா செய்யின்னாங்க, செஞ்சேன். நான் செய்யறதுல ஏதோ கோளாறுன்னுதான் அத நெனச்சிகினு இருந்தேன். ஏற்கெனவே ஒரு பேரு வாங்கியாச்சு, இத வேற போய்ச் சொல்லணுமான்னு விட்டுட்டேன்.” சபீனா எழுந்து நின்றாள். “அப்ப பக்கத்து நொதிதான் இன்னா? ஒண்ணோட வாலு இன்னொண்ணோட வாயில!”

“அப்படித்தான் இருக்கும்போல.”

“உங்க படம் போச்சேக்கா!”

“போனா போகட்டும்” என்றாள் மதிவதனி. சொன்ன பிறகுதான், அதை மனசாரச் சொல்கிறோம் என்று அவளுக்கே தெரிந்தது. இத்தனை நாள் அந்தப் படத்தைக் காப்பாற்றிக்கொண்டு திரிந்தது எவ்வளவு பாரமாக இருந்தது என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

திங்கட்கிழமை காலையில் சபீனா வழக்கமான பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். கைப்பையையும் மொபைலையும் வெளியே வைத்துவிட்டு, மதிவதனியின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். இத்தனை வருஷத்தில் தான் செய்த புரதத்தின் புள்ளிகளை அவள் இப்படி நின்று பார்ப்பது அதுதான் முதல் தடவை. மதிவதனி காடோலினியம் வைத்த கெட்டிக் கரைசலின் படத்தைச் சிவப்பிலும் நீர்த்த கரைசலின் படத்தைப் பச்சையிலும் ஒன்றன் மேல் ஒன்றாகத் திரையில் போட்டாள். பள்ளத்தைச் சுற்றி இரண்டிலும் ஒன்றுமே இல்லை. அங்கே காடோலினியம் உட்கார்ந்திருக்கிறது, அது சரிதான். வால் பக்கம் நகர்த்தினாள். சிவப்பு மங்கிக் கிடந்த இடத்தில் பச்சைப் புள்ளிகள் எழும்பியிருந்தன. மூன்று நன்றாகவே எழும்பியிருந்தன. ஒன்று மட்டும் அரைகுறையாக.

“அது ஏன்க்கா அரைகுறையா?”

“தெரியல. இன்னும் தண்ணியாக்கினா வரலாம். நாம ரொம்ப கொஞ்சமாத்தான் தண்ணியாக்கியிருக்கோம்.”

சபீனா குனிந்து, திரையில் அந்தப் புள்ளியின் பக்கத்தில் விரலை வைத்தாள். “இதுதான் நான் மணியில மாட்டற இடம். இதோட மூஞ்சி இப்படித்தான் இருக்குமா!”

அன்றைய கூட்டத்தில் மதிவதனி இரண்டு படங்களையும் காட்டினாள். தேவராஜ் வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“போஸ்டர் பிரிண்ட்டுக்குப் போயாச்சேம்மா.”

“வேற போட்டுடலாம் சார்.”

“நான் ஒரு மாசமா வர்றவன் போறவனுக்கெல்லாம் அந்தப் படத்தக் காட்டிட்டிருக்கேன்.” அவர் முகம் வாடித்தான் போயிற்று. ஆனாலும் கொஞ்ச நேரத்தில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. “சரி, கம்பெனிக்கு நானே போன் பண்ணிச் சொல்லிடறேன். இது அவங்களுக்கு இன்னும் நல்ல சேதி. டிரம்ல கெட்டியா அடைச்சதுதான் வம்பு, அப்படித்தானே?”

“ஆமா சார். அதக் கண்டுபிடிச்சது சபீனா. வேகத்தப் பாத்து அவதான் சொன்னா.” மதிவதனி உட்காரவில்லை. “இன்னொண்ணு. இதே ரூம்ல நான் சபீனா செஞ்சதுல நிக்கல் இருக்குன்னு சொன்னேன். இல்ல. அவ குடுத்த குழாய் ரெண்டுமே சுத்தமா இருந்தது. அன்னிக்கு மினிட்ஸ்ல அத எழுதியிருக்கோம், இதையும் எழுதணும்.”

புதிதாகச் சேர்ந்த பெண்களில் ஒருத்தி சபீனாவைத் திரும்பிப் பார்த்தாள். சபீனா பேனா மூடியோடு விளையாடவில்லை. நேராக உட்கார்ந்து, “சார், வாலை வெட்டிட்டு ஒரு பேட்ச் போட்டுப் பாக்கட்டுமா?” என்று கேட்டாள்.

வாலை வெட்டிய நொதி ஒன்றும் எளிதில் வரவில்லை. முதல் தடவை பாக்டீரியாவுக்குள்ளேயே கட்டிதட்டிப் போயிற்று. இரண்டாம் தடவை வந்தது கண்ணுக்கே தெரியாத அளவு. மாட்டுவதற்கு வால் இல்லாததால் பிரித்தெடுக்கவும் வேறு வழி தேட வேண்டியிருந்தது. சபீனா விடவில்லை. மழைக்காலம் ஆரம்பித்துத் தொழிற்பேட்டைச் சாலைகளில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்ற வாரத்தில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து குழாயைத் தந்தாள். அந்த நொதி கெட்டிக் கரைசலிலும் சுறுசுறுப்பாக இருந்தது. வாலோடு இருந்ததைவிடச் சூடு தாங்கும் சக்திதான் கொஞ்சம் குறைந்திருந்தது. வெந்நீரில் துவைக்கும் தூளுக்கு உதவாது, பச்சைத் தண்ணீரில் துவைக்கும் தூளுக்குச் சரியாக இருக்கும் என்று கம்பெனிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

பெங்களூருக்குச் சபீனாதான் போனாள். புதுப் போஸ்டரில் முதல் பெயர் அவளுடையது. அதற்கு முன்பு ஒரு மாநாட்டுக்கும் போகாதவள். இங்கிலீஷில் கேள்வி கேட்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளுமோ என்று ரயில் ஏறும்வரை புலம்பினாள். மதிவதனியும் போவதாகத்தான் இருந்தது. அந்த வாரம் பார்த்து இயந்திரத்துக்கு ஹீலியம் நிரப்பும் நாள் வந்துவிட்டதால் அவள் தங்கிவிட்டாள்.

மாநாட்டின் இரண்டாம் நாள் சாயங்காலம் பட்டரவாக்கம் பிளாட்பாரத்தில் மதிவதனி நின்றிருந்தபோது போன் வந்தது. பின்னணியில் ஒரே இரைச்சல்.

“அக்கா, ஒருத்தரு வந்தாரு. வயசானவரு. ரொம்ப நேரம் நின்னு பாத்தாரு. அப்புறம் ஒரு கேள்வி கேட்டாரு பாருங்க!”

“என்ன கேட்டாரு?”

“ஒண்ணோட வாலு இன்னொண்ணோட பள்ளத்துலன்றீங்களே, அந்த ரெண்டாவதோட வாலு எங்க போவுதுன்றாரு. திரும்பி மொதலாவதுக்கே வருதா, இல்ல மூணாவது ஒண்ணுக்குப் போவுதா? ஜோடியா, சங்கிலியா?”

அதை மதிவதனி யோசித்ததே இல்லை. “நீ என்ன சொன்னே?”

“தெரியாதுன்னேன். எங்க லேப்ல போய்ப் பாத்துட்டு மெயில் போடறேன்னேன். சரிதானேக்கா?”

“சரிதான்.”

“சிரிச்சாரு. கார்டு குடுத்தாரு. எப்படிக்கா பாக்கறது அத?”

ஆவடி போகும் வண்டி தூரத்தில் வளைவில் தெரிந்தது. மதிவதனி போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

“கால்சியம் வெச்சதும் காடோலினியம் வெச்சதும் ஒண்ணா கலந்து பாக்கலாமா? ஒண்ண மட்டும் புள்ளி தெரியற மாதிரி செஞ்சு... இரு, வண்டி வந்துடுச்சு. ஏறி உக்காந்துட்டுக் கூப்பிடறேன்.”

“நீங்க கூப்பிட வேணாம், இங்க டீ குடுக்கறாங்க. குடிச்சிட்டு நானே கூப்பிடறேன்” என்றாள் சபீனா.

பெண்கள் பெட்டியில் அன்று உட்கார இடம் இருந்தது. மதிவதனி ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, இரண்டு விதமான நொதிகளையும் என்ன விகிதத்தில் கலப்பது என்று மனக்கணக்குப் போட ஆரம்பித்தாள். அம்பத்தூர் தாண்டுவதற்குள் போன் மறுபடி அடித்தது.